மூன்று தடவைக்கு மேல்

வித்யா என் தங்கை மகள். கோவையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று வருடம் இன்ஜினியராக இருந்துவிட்டு, இப்போது பல் மருத்துவம் படிக்கப் போகிறாளாம். அதுவும் வெளிநாட்டில். அங்கே எந்தப் பட்டம் படித்தவரும் விண்ணப்பம் போடலாமாம். ஆனால் எதற்காக இந்த மாற்றம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். போன மாதம் குன்னூருக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்களும் இன்ஜினியரா இருந்துதான பல் டாக்டர் ஆனீங்க? அந்தப் படிப்பு இந்தத் தொழிலுக்கு எப்படி உதவுச்சுன்னு எனக்கு எழுதிக் குடுங்க. அந்த பேரிங் கதைய கண்டிப்பா போடோணும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

பேரிங் கதை எங்கள் குடும்பத்தில் பிரபலம். கல்யாண வீடுகளில் நானே பத்துத் தடவைக்குக் குறையாமல் சொல்லியிருப்பேன். ஒரு பதிலைச் சொல்லிப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கியவன் என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கதைக்கு மறுபாதி ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் செத்துப்போனார். அவர் செத்ததற்கு நான் ஒரு காரணம். வித்யாவுக்கு இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தவன் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீலகிரியில் குந்தா என்ற ஊரில் ஒரு மின் நிலையத்தில் இளநிலை இன்ஜினியராகச் சேர்ந்தேன். அப்பாவுக்குக் குன்னூரில் மளிகைக் கடை. மகன் அரசாங்க இன்ஜினியர் என்று கடைக்கு வருகிறவர்களிடம் கேட்காமலேயே சொல்வார். குந்தாவில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. மழைக்காலத்தில் துவைத்த சட்டை நான்கு நாள் காயாது. மின் நிலையத்துக்குள்ளே மட்டும் எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்பதால் சட்டைகளை அங்கே கொண்டுபோய்க் காய வைப்போம்.

எங்கள் மேலதிகாரி நாச்சிமுத்து சார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், கழுத்தில் ஒரு பழுப்பு மப்ளர், வலது கன்னத்தில் எந்நேரமும் ஒதுக்கி வைத்த வெற்றிலை புகையிலை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எடுபிடி வேலை செய்கிற கலாசியிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எங்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "ஏனுங்க சண்முகம், சாப்பிட்டீங்களா?" என்பார். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் பேர் போய்விடும். 'ஐயா' வந்துவிடும். நாச்சிமுத்து சார் யாரையாவது ஐயா என்றால், அந்த ஆள் அன்றைக்கு ஒழிந்தான் என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துபோவார்கள். இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

நான் ஐயா ஆனது ஒரே ஒரு தடவை.

டர்பைன் தண்டு ஒரு பேரிங்கில் உட்கார்ந்து சுற்றும். பேரிங்கின் உட்பக்கம் மெத்தென்ற வெள்ளை உலோகம். அது தண்டோடு சரியாகப் பொருந்தாவிட்டால் சூடாகும். சூடேறினால் எந்திரத்தை நிறுத்த வேண்டியதுதான். அப்போது தண்டின் மேல் நீல மையை மெல்லிசாகப் பூசி, பேரிங்கை வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எடுப்போம். உலோகத்தில் எங்கெங்கே மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களை மட்டும் சுரண்டியால் இழை இழையாகச் சுரண்ட வேண்டும். திரும்ப மை பூசு, திரும்பப் பார். நீலம் ஒரே சீராகப் பரவும்வரை இதுதான் வேலை. எனக்கு இந்த வேலை உயிர். கைக்குள் இரும்பு வழிக்கு வருகிற சுகம் அதில் இருந்தது.

ஒரு பேரிங் அடங்கவே இல்லை. சுரண்டி மாட்டினேன், சூடானது. மறுபடி சுரண்டினேன், மறுபடி சூடு. விடுவேனா என்று நான்காவது தடவையும் கழற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து சார் பின்னால் வந்து நின்றார்.

"ஐயா, எத்தனை தடவைங்க?"

கை நின்றுவிட்டது. "நாலுங்க சார்."

"தண்டை யாருங்க பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. தண்டு மயிரிழை சாய்ந்திருந்தது. குற்றம் அங்கே இருக்க, நான் குற்றமில்லாத பேரிங்கைச் சுரண்டிச் சுரண்டி வீணாக்கியிருந்தேன். அதற்குப் புதிதாக உலோகம் வார்க்க மலைக்குக் கீழே அனுப்ப வேண்டியதாயிற்று. அதுவரை எந்திரம் நின்றது. அவர் மேலே புகார் எழுதவில்லை. எந்திரம் திரும்ப ஓடின அன்றைக்கு, டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"சண்முகம், மூணு தடவை சுரண்டியும் சூடு இறங்கலீன்னா பேரிங்கைத் தொடாதீங்க. உங்க கை சுத்தம்னு உங்களுக்கே தோணும் பாருங்க, அப்பத்தான் தண்டைப் பார்க்கோணும்."

பேர் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

பல் மருத்துவம் என் தலையில் ஏறியது ஒரு கலாசியால். மாதன் என்று பெயர். தாடை வீங்கி மூன்று நாள் பட்டினி கிடந்தவனை நான்தான் பஸ்ஸில் குன்னூருக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த பல் டாக்டர் வீக்கத்தை வற்ற வைத்து, இன்னொரு நாள் வரச்சொல்லிச் சொத்தையைச் சுரண்டி அடைத்தார். அடைத்த பிறகு ஒரு நீலக் காகிதத்தைப் பல்லுக்கு நடுவே வைத்தார். "கடிங்க. திறங்க." பல்லில் ஓர் இடத்தில் நீலப் புள்ளி. அதை மட்டும் தேய்த்தார். "கடிங்க. திறங்க." மறுபடி புள்ளி, மறுபடி தேய்ப்பு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடப்பாவி, இது நம்ம வேலை! இரும்பு நன்றி சொல்லாது, இங்கே மாதன் அன்றைக்கு மத்தியானமே இட்லி சாப்பிட்டான். திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். இருபத்து நான்கு வயதில் முடிவுகள் அப்படித்தான் வருகின்றன.

அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார். "ஏன்டா, கவர்மெண்டு இன்ஜினியரு வேலைய உட்டுப்போட்டு ஊரான் வாய்க்குள்ள கைய உடப் போறயாக்கும்?" அம்மா கடைப் பக்கம் வருவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டாள். கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் வருடம் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. நான் படித்ததெல்லாம் கணக்கும் பௌதிகமும். உயிரியல் கிடையாது. அந்தக் கட்டத்தின் குறுக்கே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். இன்ஜினியர் பட்டத்தைப் பார்த்தவர்கள் பார்த்ததாகவே தெரியவில்லை. நாச்சிமுத்து சாரிடம் காட்டினேன்.

"பொருத்தம் பத்தலைங்கறாங்க. அவ்வளவுதானுங்களே. படிச்சுப்போட்டு அடுத்த வருஷம் மாட்டுங்க."

உயிரியலைத் தனியாகப் படித்துத் தேர்வு எழுதினேன். செய்முறைக்குக் கோவையில் ஒரு கல்லூரி முதல்வர் மனமிரங்கிச் சனிக்கிழமைகளில் வரச்சொன்னார். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மீசை வைத்துக்கொண்டு தவளை அறுத்தேன். அந்த ஒரு வருடம் என் சனிக்கிழமை டூட்டியை நாச்சிமுத்து சார் தாமே பார்த்தார். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அட்டவணையில் என் பேர் இருக்கும், ஆள் அவர் இருப்பார்.

இரண்டாவது விண்ணப்பத்தோடு அலுவலகத்தின் ஆட்சேபணையில்லாச் சான்று வைக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் சார் நான் எழுதியிருந்த காரணத்தைப் படித்தார். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். "நல்லாத்தான் இருக்குதுங்க. அளவா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று பாதியை அடித்தார். பேனாவை மூடியபடி சிரித்தார். "சண்முகம், நாளைக்கு என்ர பல்லுக்கெல்லாம் நீங்கதானுங்க பொறுப்பு."

சென்னையில் நேர்முகத் தேர்வு. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். இரண்டு ஆண்கள் என்னைத் திட்டுவதற்கென்றே உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். ஓர் இன்ஜினியர் இடத்தை அரசாங்கம் உனக்காக வீணாக்கியதே, இப்போது இன்னொரு இடமா என்றார் ஒருவர். நடுவில் இருந்தவர் வயதான பேராசிரியை. நூல் புடவை, தடித்த கண்ணாடி. டர்பைனுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நீலம் பூசிச் சுரண்டுகிற கதையை உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சுரண்டியும் சூடு குறையவில்லை என்றால்?" என்றார்.

"மூன்று தடவை பார்ப்பேன் மேடம். அதற்கு மேல் அந்த இடத்தைத் தொடமாட்டேன். கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று தேடுவேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "இதை எங்கள் ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லித்தர எனக்கு ஐந்து வருடம் ஆகிறது" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். இடம் கிடைத்துவிட்டது.

இதுதான் பேரிங் கதை. கல்யாண வீடுகளில் இந்த இடத்தோடு முடித்துக்கொள்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரையும்விட ஏழெட்டு வயது மூத்தவன் என்பதால் 'தாத்தா' என்று பேர். பல்செட் செய்கிற பிரிவில் என்னை மிஞ்ச ஆளில்லை. அளவெடுப்பது, மெழுகில் வார்ப்பது, கடியைச் சரிபார்ப்பது எல்லாம் கைக்கு ஏற்கெனவே தெரிந்த பாஷையாக இருந்தது. அந்தப் பேராசிரியை வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிப்போட்டார்: காரணத்தை நீக்கி இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை நம்பாதே, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பு. நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். பரீட்சையில் அது வந்தது, முழு மார்க் வாங்கினேன்.

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடியில் கிளினிக் வைத்தேன். சண்முகம் டாக்டர் செய்த பல்செட்டில் முறுக்குக் கடிக்கலாம் என்று ஊரில் பேர் வந்தது. உண்மைதான். எஸ்டேட் ஜனங்கள் தேவாலாவிலிருந்துகூட இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அப்படிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது.

நாச்சிமுத்து சார் ஓய்வு பெற்றுக் குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் கொஞ்சம் தேயிலையோடு வீடு வாங்கிக்கொண்டு இருந்தார். கீழே போகச் சொன்னால் வெயில் ஒத்துக்கொள்ளாது என்பார். மனைவி ருக்மணியம்மாள். சாருக்குப் பல் முழுக்கப் போனதும் என்னிடம்தான் வந்தார். "பொறுப்பு உங்களுதுன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டேன் இல்லீங்களா?" என்றார். என் ஆயுளில் நான் செய்த நல்ல வேலை அந்தப் பல்செட்தான். அவரே அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "அளவா இருக்குதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மூன்று வருடம் கழித்து ஓர் ஆடி மாதம், நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "கீழ்ச் செட்டு வலது பக்கம் கடிக்குதுங்க." பார்த்தேன். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், செட்டின் விளிம்பு உட்காரும் இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு புண். ஈறு தேயத் தேய செட்டு இறங்கி விளிம்பு அழுத்தும், இது தினமும் பார்க்கிற சங்கதி. செட்டின் உட்பக்கம் வெள்ளைப் பசை தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுத்தேன். அழுத்துகிற இடத்தில் பசை விலகிச் செட்டின் சிவப்பு தெரிந்தது. அவருக்குக் காட்டினேன்.

"அட, நம்ம நீலமுங்களே இது!" என்று சின்னப்பிள்ளையாகச் சிரித்தார்.

தேய்த்து, வழவழப்பாக்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனார். மூன்று வாரம் கழித்து வந்தார். புண் ஆறவில்லை. மறுபடி பசை, மறுபடி ஒரு மேடு. தேடினால் மேடு கிடைக்காமல் போகாது. பசை தடவினால் எப்போதும் ஏதாவது ஓர் இடம் தெரியத்தான் செய்யும், தெரிந்ததைத் தேய்த்துவிட்டு நோயைத் தேய்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவையும் அதே கதை. அப்போது புண் சுண்டைக்காய் அளவு. ஓரம் தடித்திருந்தது. இதைச் செட்டு அழுத்திய புண் என்று ஒரு முதல் வருட மாணவன் சொல்லியிருந்தால் அவன் காதைத் திருகியிருப்பேன். ஆனால் நாற்காலியில் இருந்தது நாச்சிமுத்து சார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் பாரம் இறங்குகிறது என்று காகிதத்தில் படம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அதில் அத்தனை சந்தோஷம். எனக்கும்தான். ஒரு மணி நேரம் குந்தாவுக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. வாயைப் பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும்.

வலது கன்னத்தில் முப்பது வருடம் புகையிலை ஒதுக்கிய மனிதர் என்பது எனக்குத் தெரியாதா? அவர் அதை ஒதுக்குவதைத் தினமும் பார்த்தவன் நான்.

நான்காவது தடவை வந்தபோது கீழுதட்டில் வலது பக்கம் மரத்துப்போகிறது என்றார். நான் மிரண்டிருக்க வேண்டும். மாறாக எனக்குக் காரணம் சட்டென்று புலப்பட்டது. தாடை எலும்பு தேய்ந்தால் அங்கே உள்ள நரம்புத் துளை மேலுக்கு வந்துவிடும், செட்டு அதன் மேல் அழுத்தினால் உதடு மரக்கும். புத்தகத்தில் இருக்கிற காரணம்தான். அவருக்கும் விளக்கிச் சொன்னேன். "பாருங்க, எத்தனை கச்சிதமா சொல்றீங்க" என்றார். அந்த இடத்தில் செட்டைக் குடைந்து பள்ளமாக்கினேன். ஐந்தாவது தடவை வலி குறைந்துவிட்டது என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் வலி குறைந்தது.

தை பிறந்து, உறைபனி கொட்டுகிற காலம். செட்டு இனி சரிப்படாது, புதிதாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆறாவது தடவையாக வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சரியாகச் சாப்பிட முடியாததால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வாயில் அளவெடுக்கும் மாவு வைத்தால் வழியும். மப்ளரில் பட்டுவிடப் போகிறதே என்று, "சார், அதைக் கொஞ்சம் கழற்றுங்க" என்றேன்.

எங்கள் மலையில் கழுத்தைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் சுற்றுலா வந்தவர்கள்தான். மாசக்கணக்கில் மப்ளரும் குல்லாவுமாகவே ஜனங்கள் வருவார்கள், அப்படியே உட்கார வைத்து வாயைத் திற என்போம். வாய் பார்ப்பதற்கு முன் கழுத்தைத் தொட்டுப் பார் என்று படித்ததெல்லாம் சென்னை வெயிலோடு போய்விட்டது. ஐந்து தடவையும் அந்தப் பழுப்பு மப்ளர் என் கைக்கு நான்கு விரல் தள்ளித்தான் இருந்தது.

மப்ளரைக் கழற்றினார். வலது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. தொட்டேன். கல். அசையவில்லை.

"இது எப்ப இருந்துங்க சார்?"

"கார்த்திகையில இருந்து இருக்கும்ங்க. குளிருக்கு நெறி கட்டியிருக்குதுன்னு ருக்மணி உப்பு ஒத்தடம் குடுத்துட்டு இருக்கறா. ஏனுங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமுங்களா?"

கையிலிருந்த அளவு மாவு கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்திரத்தின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன என்று சொல்கிற மனிதருக்கு என் முகம் எம்மாத்திரம்? மப்ளரை மெதுவாகச் சுற்றிக்கொண்டு எழுந்தார். மறுநாளே கோவைக்கு அழைத்துப்போனேன்.

புற்று எலும்பைத் தின்றிருந்தது. வலது தாடையை எடுத்துவிட்டார்கள். ஆடியிலோ ஆவணியிலோ வந்திருந்தால் ஓரத்தில் கொஞ்சம் சதையோடு போயிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். இதுவரை யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் என்னால் தாங்கமுடியாதது. ருக்மணியம்மாளோ கூடப் பிறந்தவன்போல நான் அலைகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் தொழில் பார்த்தேன். யார் வந்தாலும் முதலில் மப்ளரைக் கழற்றச் சொல்வேன். புண் என்று வந்தால் செட்டை வாங்கி என் மேசை அறையில் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வா என்பேன். பல்லைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற டாக்டர் என்று ஊரில் பேர் மாறியது. அப்படியே நாலைந்து பேருக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தேன். அவர்கள் இன்னும் பழமும் முறுக்குமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் எனக்கு ஆறுதல் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர்கள் பிழைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் இது எத்தனை சுலபம் என்றுதான் தெரிகிறது.

வித்யா கேட்ட இரண்டு பக்கத்தை வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் படிப்பு உதவியது என்று எழுத வரவில்லை. அந்த மூன்று தடவைப் பதிலை அவள் எழுதிக்கொள்ளலாம். நல்ல பதில்தான், இடமும் கிடைக்கும். ஆனால் இந்தக் காகிதங்களையும் கூடவே அவளுக்கு அனுப்புகிறேன். கடைசியாக அவரைப் பார்த்த நாளையும் சொல்லிவிடுகிறேன்.

அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி கட்டு, மூக்கில் குழாய். பேச முடியாது. கையில் ஒரு சிலேட்டு. தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ருக்மணியம்மாள் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பல்செட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "தம்பி, இது இனி இவருக்கு ஆகாதுன்னுட்டாங்க. எத்தனை ஆசையா செஞ்சு குடுத்தீங்க. நீங்களே வெச்சுக்கங்க." வாங்கிக்கொண்டேன். கைக்குள்ளே அது அப்போதும் வழவழவென்றுதான் இருந்தது.

அவர் சிலேட்டை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதினார். கை தளர்ந்திருந்தாலும் எழுத்து அதே எழுத்து, விண்ணப்பத்தில் பாதியை அடித்த எழுத்து. எழுதி முடித்து என் பக்கம் திருப்பினார்.

'ஐயா, எத்தனை தடவைங்க?'

ருக்மணியம்மாள் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க தம்பி, எத்தனை தடவை எங்களுக்காக மலைக்கும் கோயமுத்தூருக்கும் அலைஞ்சீங்கன்னு கேக்கறாரு. இந்த நெலமையிலும் உங்களுக்கு எத்தனை மருவாதி!"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

"ஆறுங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளங்கையால் சிலேட்டை அழித்து, தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். வைகாசியில் போய்ச் சேர்ந்தார். அதுவரை இரண்டு தடவை ஜெகதளா வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் தூங்குகிறார் என்றார்கள். என் பேரை அவர் திரும்ப எழுதவே இல்லை.